நடுவரின் மணி

பட்டிமன்றம் தொடங்குவதற்கு முன்னால் ஸ்ரீஸ்கந்தராசா என் தாள்களைக் கேட்டு வாங்கினார். பாரிஸின் லா சப்பலில் உணவகம் வைத்திருக்கிறார், கலைக்கழகத் தலைவர், அன்றைய நடுவரும் அவரே. என் அப்பா யேசுரட்ணம் அவருடைய குசினியில் கோப்பை கழுவுகிறார்.

தலைப்பு: அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தது பேச்சா, போரா? நான் பேச்சு அணி. வரலாறு படித்தவள், வீட்டில் முதல் பட்டதாரி என்று மேடையில் சொல்லிப் பெருமைப்பட கலைக்கழகத்தாருக்கு ஆசை. எந்த வீடு என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

"கடைசிப் பந்தி வேண்டாம், கஜனி."

"ஏன், பிழையோ?"

"பிழை சரி இல்லைப் பிள்ளை. முள்ளிவாய்க்கால் முடிஞ்சு ரெண்டு வரியம். இப்ப ஒற்றுமைதான் முக்கியம். யாழ்ப்பாணத்திலை அடிமை இருந்ததெண்டு ஏன் இஞ்சை கிளறுவான்?"

"அமெரிக்காவிலையும் இதைத்தான் சொன்னவை. அடிமையைப் பற்றிக் கதைச்சா நாடு உடைஞ்சிடுமெண்டு."

"அது அமெரிக்கா." தாள்களை மடித்துத் தந்தார். "கொப்பர் என்னட்டைத்தான் வேலை செய்யிறார். யோசிச்சுக் கதை."

அப்பா தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றார். ஞாயிறு அவருக்கு லீவு. முதலாளியின் விழா என்றால் லீவு கிடையாது.

"ஐயா என்ன சொல்லுறார்?"

சொன்னேன். தட்டோடு முன்வரிசைக்குப் போனார்.

மேடை ஏறினேன். அடிமை முறைக்கு எதிரான மனுக்களை அமெரிக்க மக்கள் சபை எட்டு ஆண்டுகள் வாசிக்கவே விடவில்லை என்றேன். எதிர்த்துப் பேசிய செனட்டர் ஒருவரைச் சபைக்குள்ளேயே கைத்தடியால் அடித்துச் சாய்த்ததைச் சொன்னேன். பலத்த கைதட்டல். அடுத்தவன் ஊர் அநியாயத்துக்குக் கைதட்ட எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை.

பிறகு கடைசிப் பந்தி.

"மனுக்களுக்கு இருந்த அந்தத் தடை நீங்கியது 1844இல். இலங்கையில் அடிமை முறையைச் சட்டம் ஒழித்ததும் அதே ஆண்டில்தான். ஒல்லாந்தர் எழுதி வைத்த யாழ்ப்பாணச் சட்டமான தேசவழமையைப் பாருங்கள். அதில் என் பூட்டன்மார் வெறும் சொத்து..."

நடுவர் மணி அடித்தார். எனக்கு இன்னும் நேரம் இருந்தது.

"சீதனத்தோடு கொடுக்கப்பட்ட சொத்து! கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று..."

மணி. மறுபடியும் மணி. ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். எனக்குத் தொண்டை இருந்தது. மிச்சத்தைக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

"படிச்சும் சாதிக் குணம் போகேல்லை," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"ஓம் அக்கா, உங்களுக்கும் போகேல்லை."

இரு அணியும் சமமாக வென்றதாகத் தீர்ப்பு. வழக்கமான தீர்ப்புத்தான். அடித்தது யார், அடிபட்டது யார் என்று சொல்லத் தேவையில்லாத தீர்ப்பு.

சனம் கலைந்தது. அப்பா நடுவர் மேசையில் எச்சில் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"யேசு, மகளுக்கு வாயை நல்லா வளத்திருக்கிறாய்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "கதிரையளை அடுக்கிப்போட்டுப் போ. நாளையிலையிருந்து வேலைக்கு வராதை."

அப்பா நிமிர்ந்தார்.

"சரி அண்ணை." இத்தனை வருடமும் ஐயா என்றே கூப்பிட்டவர். "கதிரையை நீங்களே அடுக்குங்கோ. அவள் சொன்னதிலை எது பொய் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

கதவடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவரின் கை மேசையில் மணியைத் தேடியது.

அது அப்பாவின் தட்டில், எச்சில் கோப்பைகளுக்கு நடுவே கிடந்தது.