முற்ற விட்ட காய்

வெண்டைக்காய்க்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இன்றைக்கு விரல் அளவில் இருக்கிற காய் ரெண்டு நாள் விட்டால் நாராகிவிடும். சந்தைக்கு வருகிறவர்களோ கேட்காமலே நுனியை ஒடித்துப் பார்க்கிற ரகம். ஒடியவில்லை என்றால் கூடையையே தள்ளிவிட்டுப் போவார்கள். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், காய்ச்சலோ தலைவலியோ, விடிந்ததும் நான் வயலில் நிற்க வேண்டும்.

முன்பு பருத்தி போட்டிருந்தோம். பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம்தான், பூவைப் பார்த்தாலே தெரியும். வரப்பில் நிற்கிற புளிச்சைக்கீரையும் வாசல் செம்பருத்தியும்கூட அந்த வகையறாதான். எல்லாக் குடும்பத்திலும் நம் உயிரை வாங்க ஒரு சொந்தக்காரர் இருப்பார் இல்லையா, இதில் அது வெண்டை. பருத்தி வெடித்தாலும் நாலு நாள் பொறுத்திருக்கும். இதற்குப் பொறுமையே கிடையாது.

என் வீட்டுக்காரர் பறிக்க மாட்டார். சோம்பேறி இல்லை, பாவம். செடியின் சுணை, அந்தப் பொடி முடி, பட்டால் அவருக்கு முழங்கை வரைக்கும் தடித்துவிடும். வயலோரம் உட்கார்ந்து மூட்டை கட்டுவார், சந்தைக்குக் கொண்டுபோவார். எனக்கு மட்டும் அரிக்காதா என்ன? அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் காலுறையை மாட்டிக்கொண்டு பறிப்பேன். கூலிக்கு ஆள் கூப்பிட்டால், வெண்டை என்றதுமே எல்லோருக்கும் எங்கேயாவது கல்யாணம் வந்துவிடும்.

மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் அவளும் மருமகனும் தனியாக இருக்கிறார்கள். போன வருஷம் கரு தங்காமல் போனபோது அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். நாளைக்குப் பறிப்பு, மறுநாள் வருகிறேன் என்றேன். அந்த மறுநாள் வரவே இல்லை. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குச் சின்ன வயதில் ஊட்டினேன். நன்றாகவே வந்திருக்கிறது. வருகிறேன் என்று சொல்லி நான் போகாத நாட்களை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லுவாள்.

இந்தத் தடவையாவது பிரசவத்துக்கு முன்னாலேயே போய் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல் மட்டும் வராது, அவரோடு அதுதான் பெரிய தொல்லை. போகலாம், காய்ப்பு கொஞ்சம் குறையட்டும் என்பார். சண்டை போடவும் வழி இல்லை.

வெறும் வயிற்றில் வெண்டைக்காய் ஊறின தண்ணீரைக் குடித்துத்தான் தன் வயிற்றுப்புண் ஆறியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர் அவர். அந்த வழவழப்பு உள்ளே போனால் பிரசவம் சுலபமாக ஆகும் என்று யாரோ சொன்னார்களாம். பிஞ்சாகப் பார்த்து ஒரு மூட்டை கட்டி, மகளுக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். என்னை அனுப்பச் சொன்னால் மூட்டையை அனுப்புகிறார்! அன்றைக்குச் சாயங்காலமே மகள் போன் செய்தாள்.

"மூட்டை வந்துடுச்சும்மா. நீ எப்ப வருவே?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வெண்டைச் செடியை நிறுத்த ஒரு வழி உண்டு. வெண்டை போடுகிற எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்ய மாட்டார்கள். காயைப் பறிக்காமல் செடியிலேயே முற்ற விட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். வந்த வேலை முடிந்தது என்று செடியும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து ஒவ்வொரு செடியிலும் இலை மறைவில் சில காய்களை விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்காரர்தான் செடிகளுக்குள் இறங்க மாட்டாரே. கட்டின புருஷனுக்குத் துரோகம் செய்கிறோமே என்று மனசு குத்தியது. ஆனாலும் விட்டேன்.

சந்தைக்குப் போகிற மூட்டை இளைத்தது. அவர் பூச்சிமருந்துக் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினார். கடைக்காரர் வரப்பில் நின்றபடியே எட்டிப் பார்த்து, நோய் விழுந்திருக்கிறது என்று ஒரு பாட்டிலை நீட்டினார். அதையும் நானே முதுகில் சுமந்து அடித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நாலைந்து வாரத்தில் பறிக்க ஒன்றுமில்லை என்று ஆயிற்று. டாக்டர் சொன்ன தேதியும் நெருங்கிவிட்டது. நாளைக் காலை பஸ் என்று முடிவு செய்து பையில் துணியை அடுக்கிவைத்தேன். அன்று மத்தியானம் பார்த்து அவர், மருந்து கேட்டதா என்று தானே பார்க்க, கை இரண்டிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கிவிட்டார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

காய்ந்த காய்களை மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்தார். ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே விதை குலுங்கியது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விதைக்கு விட்டிருக்கியே, நீ கெட்டிக்காரிதான்."

பக்கத்து நிலம் சும்மா கிடக்கிறது, கடையில் விதை விற்கிற விலைக்கு அங்கே பயிர் வைக்க முடியவில்லை என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே அந்த நிலத்துக்காரருக்குப் போன் போட்டு, குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டார். மண் ஈரமாக இருக்கிறது, சாயங்காலம் விதையை ஊறப்போட்டால் நாளைக்கே ஊன்றிவிடலாம் என்றார். உன் கைதான் வேகம், ஊன்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று முறத்தை என் முன்னால் வைத்தார். அடுத்த நிமிஷம் நான் உட்கார்ந்து காயை உடைத்துக்கொண்டிருக்கிறேன்! என் கையை நானே வெட்டிப்போடலாம் போல இருந்தது. இனிமேல் ரெண்டு வயல். என்னைக் கட்டிப்போட நானே கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறேன். பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"விதைக்கு விடலங்க. காய்க்கிறது நிக்கணும்னுதான் விட்டேன்."

அவர் இன்னொரு காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"அதனால என்ன? விதை விதைதானே?"

துளிக் கோபம் இல்லை. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுக் கிளம்பியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் அடுத்த காயை எடுத்து உடைத்தேன்.

போன் அடித்தது. கை நிறைய விதை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். மகள்தான்.

"அம்மா, வலி மாதிரி இருக்கும்மா. இவர் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கார். நீ கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன்டி," என்றேன்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. சரிம்மா என்று வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அவகிட்ட எதுக்குப் பொய் சொல்றே? பாவம், புள்ள வழியப் பாத்துக்கிட்டே இருக்குமே."

மகள் மேல் இருக்கிற பாசத்தில்தான் சொன்னார். நான் எழுந்து போவேன் என்று அவருக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. முறத்தை அவர் மடியில் தள்ளிவிட்டு எழுந்தேன். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பை மாட்டினேன். அவர் முறத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"விதைய ஊறப்போடணுமே?" என்றார்.

"தண்ணி குடத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.