பச்சப்புள்ள மாதிரி

பங்களாவுக்குக் கீழே இருக்கும் மலையில் கொழுந்து எடுப்பது காளியாயிக்குப் பிடிக்காது. மேலே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சீமைக்கிளிகள் கத்துவது அங்கே கேட்கும்.

அன்றைக்கும் கேட்டது.

"ஒம் புள்ளைங்க கூப்புடுதுங்கடி," என்றாள் பக்கத்து நிரையில் நின்ற பேச்சாயி.

"எம் புள்ளைங்க இல்ல. இப்ப வேற ஆத்தா வந்துட்டா."

"ஆத்தாளா, சின்னாத்தாளா?"

நிரை முழுவதும் சிரித்தது. காளியாயி ஒரு முற்றிய இலையைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். அது முற்றல் என்று பிறகுதான் தெரிந்தது. எடுத்து எறிந்தாள்.

வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுக்கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்தை விடவில்லை. துரையின் பிள்ளைகள் இரண்டு பேரையும் பங்களாவில் ஆயாவாக இருந்து வளர்த்தவள் காளியாயி. அவர்கள் சீமைக்குப் படிக்கப் போனதும் அந்த அறையில் துரைசாணி ஒரு கிளிக்கூண்டை வைத்தாள். பச்சை ஒன்று, நீலம் ஒன்று. நானுஓயா ஸ்டேஷனிலிருந்து அவற்றை மடியில் வைத்துக் கொண்டுவந்ததும் காளியாயிதான்.

தை மாதத்தில் விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் ஊர் அது. இரண்டு தை மாதங்கள் அவற்றை ஒன்றும் ஆகாமல் காப்பாற்றினாள். கூண்டை ஜன்னலை விட்டுத் தள்ளி வைப்பாள். பொழுது சாயும் முன் மூன்று பக்கம் கம்பளி போர்த்தி, ஒரு பக்கம் மூச்சுக்கு விடுவாள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, வெளியே கம்பியோடு சாய்த்து வைப்பாள். நெருப்பு எரியும் கூடத்துக்கு மட்டும் கூண்டைக் கொண்டுபோக மாட்டாள். ஒருமுறை புகைபோக்கி அடைத்துக்கொண்டு கூடம் புகைந்தபோது, பச்சை வாயைப் பிளந்து தள்ளாடியதைப் பார்த்திருந்தாள்.

போன கார்த்திகையில் துரைசாணி கூப்பிட்டுச் சொன்னாள். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு ஆயா எதற்கு, வீட்டு வேலைக்கு ஒருத்தி போதும். அந்த ஒருத்தி சமையல்காரர் செல்லசாமியின் மருமகள் வேலாயி. சின்ன வயசு. இரண்டு பிள்ளை பெற்றவள். காளியாயி பெறவில்லை.

காளியாயி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். போகும்போது வேலாயியிடம் கிளிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள். வேலாயி கேட்கவில்லை.

பிறகு செய்திகள் வந்தன. பேச்சாயிதான் கொண்டுவந்தாள்.

"நீலத்துக்குப் 'பட்டு'ன்னு பேரு வச்சிருக்காளாம். 'பட்டு'ன்னா பறந்து வந்து தோள்ல குந்துதாம்."

காளியாயி அதற்கு வைத்த பேர் நீலா. நீலா என்று கூப்பிட்டு ஒரு நாளும் அது தோளில் வந்து உட்கார்ந்ததில்லை. கைக்கு வரும். அவ்வளவுதான்.

"பச்ச?"

"பச்ச அவகிட்டப் போகலையாம். வெரலக் கொத்திருச்சாம்."

அந்த ஒரு செய்தியில் காளியாயி ஒரு வாரம் வயிறு நிறையச் சோறு தின்றாள்.

தை பிறந்து பனி இறங்கியது. துரைசாணி கொழும்புக்குப் போயிருந்தாள். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வேலாயி தேடிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, ரெண்டும் பந்து மாதிரி உப்பிக்கிட்டு மூலையில குந்தியிருக்கு. தீனி எடுக்க மாட்டேங்குது. குளிருதான் போல. நீங்க என்னா அக்கா செய்வீங்க?"

பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியாயி தலைக் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள். போத்தல், துணி, மூன்று பக்கம் கம்பளி. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் வேலாயியின் தோள் கண்ணில் பட்டது. சட்டையில், காய்ந்த எச்சம் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"எங்கிட்ட ஏன் புள்ள கேக்குற?" என்றாள். "ரெண்டு பெத்தவ நீயி. பச்சப்புள்ளைய எப்படிப் பாப்பியோ அப்படிப் பாரு."

பேச்சாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலாயி சிரிக்கவில்லை. ஏதோ விளங்கினாற்போலத் தலையை ஆட்டினாள்.

"சரிங்க அக்கா. அப்படியே பாக்குறேன்."

ஓடிவிட்டாள். காளியாயிக்குச் சந்தோஷமாக இருந்தது. கொழுந்தை நிறுத்துக் கொட்டும்வரை அது இருந்தது.

மறுநாளும் அதே மலை. காற்று மேலேயிருந்து கீழே வீசியது. கிளிகளின் சத்தம் இல்லை. குளிருக்கு ஒடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணி வாக்கில் சாம்பிராணி வாசம் வந்தது.

"யாரோ புள்ள குளிப்பாட்டுறாங்க," என்றாள் பேச்சாயி.

குழந்தையைக் குளிப்பாட்டினால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். தணலில் சாம்பிராணியைப் போட்டு, தலை காயும்வரை புகை காட்டுவார்கள். சளி பிடிக்காது. ஆனால் லயம் மலையடியில் இருந்தது. வாசம் மேலேயிருந்து வந்தது. மேலே பங்களா ஒன்றுதான். வேலாயியின் பிள்ளைகள் இந்நேரம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இருக்கும். பங்களாவில் குழந்தை ஏது?

காளியாயியின் கை நின்றது.

கூடையைக் கழற்றி நிரையிலேயே வைத்துவிட்டு மேலே ஏறினாள்.

"ஏய் காளியாயி! எங்க போற?" கங்காணி பழனியாண்டி கத்தினார். "அரைப் பேர்தான் போடுவேன், அரை நாள் சம்பளந்தான்!"

"போட்டுக்கங்க!"

குசினி வழியாக உள்ளே நுழைந்தாள். செல்லசாமி கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவடியில் சாக்கு அடைத்திருந்தது. தள்ளினாள்.

புகை முகத்தில் அடித்தது. ஜன்னல் இடுக்கெல்லாம் பத்திரிகைத் தாள் செருகியிருந்தது. கூண்டுக்கு அடியில் தணல் சட்டி. வேலாயி பக்கத்தில் குந்தி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"வாங்க அக்கா," என்றாள் இருமிக்கொண்டே. முகத்தில் பெருமை. "சுடுதண்ணியில குளிப்பாட்டி விட்டுட்டேன். இந்தா, பொகையும் காட்டுறேன். பச்சப்புள்ள மாதிரி, நீங்க சொன்னீங்கல்ல?"

காளியாயி கூண்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினாள். வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சை அடித்தட்டில் கிடந்தது. விரல் வைத்தாள். கொத்தவில்லை. நீலம் கம்பியில் தொங்கி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இறகெல்லாம் ஈரம்.

செல்லசாமியின் தோளில் கிடந்த துவாயை இழுத்து நீலத்தைத் துடைத்தாள். அமுக்காமல், ஒற்றி ஒற்றி. சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். அடுப்பண்டை போகவில்லை. சூடு வரும், புகை வராத தூரத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். ஓர் இடத்தில் கம்பளியைச் சற்று விலக்கி வைத்தாள், மூச்சுக்கு.

வேலாயி கூண்டுக்கு முன்னால் நின்றாள். பச்சையைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கதானே அக்கா சொன்னீங்க."

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"தொரசாணி கேட்டா..."

"நாந்தான் சொன்னேன்னு சொல்லு."

சட்டைக்குள் இருந்தது அசையவில்லை. நனைந்த பஞ்சுபோல் கிடந்தது. காளியாயி தலையைக் குனிந்து, "நீலா," என்றாள். "நீலா. ஏ நீலா." ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் அவள் கூப்பிட்ட பேர். கிளிக்கு அது மறந்திருந்தது.

வேலாயி அழ ஆரம்பித்தாள். அழுகையோடு அழுகையாக, "பட்டு... எம் பட்டு..." என்றாள்.

உள்ளே ஒரு கால் நகம் காளியாயியின் தோலைப் பற்றியது.

அவளுக்கு வயிறு எரிந்தது. அடுப்பு நெருப்பு அவ்வளவு எரியாது. வாயை மூடடி என்று வாய் வரை வந்தது. பச்சை கிடந்த கூண்டு எதிரே இருந்தது.

"கூப்புடு," என்றாள்.

வேலாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்புடு புள்ள. நிறுத்தாத."

வேலாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து குந்தினாள். "பட்டு. பட்டு, இங்க வா."

நகம் இன்னும் இறுகியது. பிறகு ஒரு சின்னச் சத்தம், கம்பளிக்குள்ளிருந்து.

"இன்னும் கூப்புடு," என்றாள் காளியாயி.

வேலாயி கூப்பிட்டாள். அவள் கூப்பிடக் கூப்பிட, கிளி காளியாயியின் நெஞ்சைக் கீறிக்கொண்டு அந்தக் குரல் வந்த பக்கம் ஏறியது.