முதல் பந்தி

அயல்நாட்டு மந்திரி திங்கட்கிழமையிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று வியாழன். தாண்டவமூர்த்தி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தார்.

அவர் பரிமாற வந்தவரல்ல. தம் நாட்டை ஆளும் அந்நியரை விரட்ட ஒரே ஒரு போர்க்கப்பல் கேட்டு வந்த தலைவர். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. தோழர் இளையபெருமாளை வெள்ளிக்கிழமை தூக்கிலிடப் போகிறார்கள், அதற்குள் கப்பல் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவரிடம், அவர் இலையை மடிக்குமுன் உதவி கேட்பது தாண்டவமூர்த்தி வளர்ந்த முறையில் இல்லை. முதலில் விருந்து, பிறகு பேச்சு என்று இயக்கத்தார் கூடித்தான் முடிவு செய்திருந்தார்கள். மந்திரியின் மாளிகையிலேயே இலை போட்டார்கள்.

பானையிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தாண்டவமூர்த்தியின் நாட்டு வயல் ஒன்று வெறுமையாயிற்று. இலையும் வளர்ந்தது. கூட்டு வைத்துவிட்டுப் பொரியலுக்கு வர ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

வாசலில் காசிம் என்ற சேவகன் நின்றான். காலண்டரில் தினம் ஒரு தாள் கிழிப்பது அவன் வேலை. அவனும் வேறொரு அடிமை நாட்டுக்காரன்.

"உங்க ஊர்லயும் விருந்து வச்சீங்களா?" என்று தாண்டவமூர்த்தி கேட்டார்.

"எங்க அப்பா காலத்துல வச்சோம் ஐயா. வந்தவங்க இன்னும் கை கழுவலை."

காசிம் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு நீட்டினான். விருந்தாளி எழாமல் தான் உண்பதில்லை என்று அவர் கும்பிட்டு மறுத்தார்.

"அப்ப வச்சிருங்க. யாருக்காவது ஆகும்."

அந்த மாளிகையில் இறைவன் எங்காவது இருந்தார் என்றால் அந்தப் பாதி ரொட்டியில் இருந்தார். தாண்டவமூர்த்தி அதை வாங்கிக் கடிதத்தோடு வைத்துக்கொண்டார்.

மாலையில் மந்திரி மோர் கேட்டார். மோருக்குப் பின் இலை மடியும். தாண்டவமூர்த்தியின் கை பைக்குள் போயிற்று.

"ஐயா, ஒரு விண்ணப்பம்."

"ரொம்ப நல்லாருக்கு," என்றார் மந்திரி. "மறுபடி பருப்புலேருந்து வாங்க."

கதவைத் திறந்துகொண்டு, தாண்டவமூர்த்தியின் நாட்டை ஆளும் அந்நியக் கவர்னர் வந்தார். பசியோடு வந்திருந்தார். மந்திரி நகர்ந்து இடம் கொடுத்தார். இலை இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

தாண்டவமூர்த்தி கரண்டியோடு நின்று இளையபெருமாளின் பெயரைச் சொன்னார்.

"சாப்பிடறப்ப அந்தப் பேச்சு வேண்டாமே," என்றார் கவர்னர்.

பசித்து வந்தவரைப் பார்க்க வைப்பது பாவம். அவர் பரிமாறினார். பரிமாறப் பரிமாற வியாழன் போய் வெள்ளியும் போயிற்று.

காசிம் காலண்டரைக் கிழித்தான். வெள்ளிக்கிழமை அவன் கையில் இருந்தது. ஜன்னலில் பச்சை எதுவும் மிச்சமில்லை.

தாண்டவமூர்த்தி ஒரு மூலையில் சின்ன இலை ஒன்றைப் போட்டார். இறந்தவர்களுக்கு நுனியைத் திருப்பிப் போடுவது அவர் வீட்டு வழக்கம். அவர் திருப்பவில்லை. நீர் தெளித்து, பாதி ரொட்டியை வைத்தார். "சாப்பிடுப்பா பெருமாளு," என்றார்.

"அப்பளம்," என்று கவர்னரின் குரல் கேட்டது.

அது இலையின் மறுகோடியில் இருந்தது. தாண்டவமூர்த்தி நடக்கத் தொடங்கினார்.