தூக்கம் வராத நோயாளி

கலைமணிக்குக் குதிகால் ரெண்டும் எரிந்தது. தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். இண்டூரில் பஸ் இறங்கி வூட்டுக்கு வந்தபோது புருஷன் மாதையன் சோறு வடித்து ரசம் வைத்திருந்தான். சாப்பிட்ட கையோடு அவன் பாயில் மல்லாந்தான். தூங்குவதற்கில்லை. ஐந்து மாதமாக ராத்திரியில் அவன்தான் அவளுக்கு நோயாளி.

அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக இங்கிலீஷ் பரீட்சை ஒன்று. எழுதினால் மட்டும் பத்தாது, பேசவும் வேண்டும். ஒருத்தர் நோயாளியாக நடிப்பார். அவரிடம் விசாரித்து, ஆறுதல் சொல்லி, எல்லாம் இங்கிலீஷிலேயே முடிக்க வேண்டும். போன தடவை அதில்தான் கலைமணி தோற்றாள். இந்தத் தடவையும் தோற்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர்கள் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள்.

மாதையன் பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. அவன் பேச வேண்டியதையெல்லாம் மாத்திரைப் பெட்டியைக் கிழித்த அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். இந்த வாரம் அவனுக்கு வயிற்று வலி, தூக்கமில்லை.

"ஐ டிடின்ட் ஸ்லீப் எ விங்க்," என்று எழுத்துக்கூட்டினான். "இது என்னா?"

"பொட்டுத் தூக்கம் இல்லைன்னு."

"நேத்து வேற என்னமோ சொன்னியே?"

"ஐ வாஸ் அப் ஆல் நைட். ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்னு."

"டாஸ்ஸிங் அண்ட் டர்னிங்?"

"பொரண்டு பொரண்டு படுக்கறது."

"தூக்கம் வரலைங்கறதுக்கு இத்தினி பேச்சா? ஒருநாள் எங்க மண்டியில கூடை தூக்கச் சொல்லு அவங்கள. ஒண்ணும் தேவைப்படாது."

"நாம இப்பப் பண்றோமே, இதுக்கும் ஒண்ணு இருக்கு மாமா. பர்னிங் த மிட்நைட் ஆயில். நடுராத்திரி எண்ணெய எரிக்கறது."

"எண்ணெ விக்கற வெலைக்கு எரிக்கறாங்களா? கொழுப்புதான்."

சிரித்தாள். மூணு மணிக்கு மண்டிக்கு எழ வேண்டியவன், பதினோரு மணிவரை அவளோடு உட்கார்ந்திருப்பான்.

சனிக்கிழமை பரீட்சை. வியாழன் ராத்திரி அவன் அட்டையைக் கையில் எடுக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள்.

"செஸ்ட்," என்றான்.

"வயிறுன்னுதானே எழுதியிருக்கேன்?"

"வயிறு சலிச்சுப்போச்சு புள்ள. அங்க மாத்திக் கேட்டா என்ன பண்ணுவ? நெஞ்சுன்னே வெச்சுக்க. கேளு."

சரிதான் என்று பட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

"ட்யூஸ்டே."

"சின்ஸ் ட்யூஸ்டேன்னு சொல்லணும்."

"சின்ஸ் ட்யூஸ்டே. ஐ வாஸ் அப் ஆல் நைட், சிஸ்டர்." நெற்றி வேர்த்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"யப்பா! நல்லா நடிக்கறீங்க மாமா. சினிமாவுக்குப் போயிருக்கலாம்."

சிரித்துவிட்டு, அவள் மனப்பாடமாக வைத்திருந்த ஆறுதலை இங்கிலீஷில் சொன்னாள். கவலைப்படாதீங்க, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக எங்கேயும் திக்கவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை விடிகாலை பைக்கில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவளை இறக்கிவிட்டு, மாதையன் மண்டிக்குப் போனான். பெங்களூரில் பரீட்சைக்குப் போகுமுன் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோயாளியாக வந்த பெண் கையில் சுடுதண்ணி கொட்டிக்கொண்டவளாக நடித்தாள். கலைமணி மளமளவென்று பேசினாள். வெளியே வந்து போனை வாங்கினால், மாதையனோடு கூடை தூக்குகிற நவநீதன் பத்தொன்பது தடவை கூப்பிட்டிருந்தான்.

லாரிக்கு ஏற்றும்போது மாதையன் கூடையோடு விழுந்திருக்கிறான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் வார்டில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் கட்டிலில் படுக்க வைத்து ஈசிஜி எடுப்பவள் அவள்தான். ஐந்து நிமிஷ வேலை.

காரியத்தன்று நவநீதன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "செவ்வாக்கெழமையிலருந்தே நெஞ்சப் புடிச்சுகிட்டுதான் இருந்தாருங்க அண்ணி. ராத்திரியெல்லாம் படுக்க முடியல, செவுத்துல சாஞ்சு உக்காந்தே இருக்கேன்னாரு. அண்ணிகிட்ட சொல்லுண்ணான்னேன். சொன்னேன்டா, அவ நல்லா நடிக்கறீங்கன்னு சிரிச்சா, பரீட்சை முடியட்டும், இப்பத் தெரிஞ்சா போகமாட்டான்னாரு."

அடுத்த வாரம் ஏஜென்சியிலிருந்து மலர்விழி என்ற பெண் பேசினாள். "வாழ்த்துகள் சிஸ்டர், பாஸாயிட்டீங்க. பேச்சுலதான் உங்களுக்கு நல்ல மார்க்." கலைமணி சரிங்க என்றாள்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு ராத்திரியும் அவன் சுவரில் சாய்ந்து விழித்திருந்தான். எட்டித் தொடுகிற தூரத்தில் அவள் தூங்கினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விழித்திருக்க வேண்டிய அந்த நாலு ராத்திரி, மாதையனுக்கு அவள் பட்ட கடன். கொடுக்கவில்லை.