விரத சிகாமணி

திரியாய்க் கிராமத்தில் வாழ் மெய்யடியார்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: பிரதேச செயலகத்தின் ஓய்வுபெற்ற பிரதம இலிகிதரும், ஆறு வருடமாக எந்தப் பந்தியிலும் உட்காராத பெருந்தவசியும், ஊர்க் கோயில் பரிபாலன சபையினரால் எதிர்வரும் பூரணையன்று ‘விரத சிகாமணி’ என்ற பட்டமும் பொன்னாடையும் வழங்கிக் கௌரவிக்கப்படவிருப்பவருமான திருவாளர் கனகரத்தினம் அவர்கள், தம் வாழ்நாளில் ஒரு விரதமும் பிடித்தது கிடையாது.

அவருக்கு இருந்தது பெருங்குடல் அழற்சி. சும்மா கிடக்கும்போது அது ஒரு வியாதி மாதிரியே இராது. எழும்பிவிட்டால், பேசிக்கொண்டிருக்கும் வசனத்தை முடிக்கவும் விடாது. வருத்தம் வந்த புதிதில் ஒரு கலியாணவீட்டில் பந்திக்கு இழுத்தார்கள். முப்பது வருடம் மற்றவர்களுடைய விண்ணப்பங்களில் ‘காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும்’ என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பியனுப்பியவருக்குத் தன் காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட வாய் வரவில்லை. அன்றைக்கு விரதம் என்றார். இழுத்த கை உடனே கும்பிட்டது. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். அடுத்த வீட்டிலும் விரதம், அதற்கடுத்த வீட்டிலும் விரதம். மனிதர் மெலிய மெலிய ஊர் அவரில் தேஜஸைக் கண்டது. அடிக்கடி எழும்பிப் பின்பக்கம் போவதை ஜெபத்துக்குப் போகிறார் என்று நினைத்தவர்களும் உண்டு.

இதில் விசேஷம் என்னவென்றால், கோயில் அன்னதானம்தான் அவருக்கு நஞ்சு. பருப்பு, கடலை, கீரை, மிளகாய் எல்லாவற்றையும் டொக்டர் வெட்டிவிட்டார். உடம்பு ஏற்றுக்கொண்டது குழையக் காய்ச்சிய வெள்ளைச் சோறும் அவித்த மீனும் மட்டும்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திருகோணமலையில் கிளினிக். பஸ்ஸில் என்ன நடக்குமோ என்ற பயத்தில் முதல்நாள் பின்னேரமே சாப்பாட்டை நிறுத்திவிடுவார். புல்மோட்டை பஸ் போகும் வழியில் எந்தெந்தக் கடைக்குப் பின்னால் கக்கூசு இருக்கிறது, எது பூட்டிக் கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். டவுனுக்கு வந்து, மருந்து எடுத்து, பசி கண்ணை மறைக்கும் நேரம் உள்துறைமுக வீதியில் றிகாஸின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைவார். முதல்தரம் நுழைந்தபோது அவர் கேட்டது சாப்பாட்டை அல்ல, கக்கூசை. கிண்ணியாக்காரனான றிகாஸ் கையைக் காட்டிவிட்டு, திரும்பி வந்தவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: என்னென்ன சாப்பிட ஏலாது? பதிலை அவன் மனைவி ஸல்ஹா குசினிக்குள் இருந்தே கேட்டுக்கொண்டாள். மற்றச் சட்டிகளின் சுவரிலேயே உறைப்பு ஊறிக் கிடக்கும் என்று அவருக்கென்று புதுச் சட்டி ஒன்று வாங்கினாள். யாரும் விரும்பாத, கக்கூசுக்கு அருகான மேசையை றிகாஸ் அவருக்கென்று ஒதுக்கினான். எத்தனையோ மேடைகளில் முன்வரிசைக் கதிரை கிடைத்தவர்தான். ஆனால் மாதம் முழுக்க அவர் எதிர்பார்த்திருப்பது இந்த மேசையைத்தான்.

அன்றைக்கும் உட்கார்ந்தார். மஞ்சளில் அவித்த பாரை மீன் துண்டு சோற்றின் மேல் ஆவி பறக்க வந்தது. சாப்பாட்டோடு போடவேண்டிய குளிசைகளை எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கொண்டுபோன நேரம், வாசலில் பரிபாலன சபைத் தலைவர் ஆனந்தராசா. அச்சகத்துக்கு வந்தவர் கண்ணாடிக்கூடாகச் சிகாமணியைக் கண்டுவிட்டார்.

கனகரத்தினத்தின் முகம் போன போக்கை றிகாஸ் பார்த்தான். விரதக் கதையை அவர் அவனுக்கு மட்டும் சொல்லிச் சிரித்திருந்தார். சட்டென்று அவன் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சோற்றுக்குள் கை வைத்தான்.

“வாங்க சேர். ஐயா சும்மா கதைச்சிக்கிட்டு இரிக்காரு. இது என்ட சாப்பாடு.”

“தெரியும் தம்பி. வெள்ளிக்கிழமையில இவர் பச்சைத்தண்ணியும் குடியார்,” என்று ஆனந்தராசா பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டார். உறையிலிருந்து பட்டமளிப்பு நோட்டீசை எடுத்து, மேடைக் குரலில் வாசிக்கத் தொடங்கினார். ‘ஐம்புலனை அடக்கி, அன்னத்தை வென்று’ என்று அது ஆரம்பித்தது. மொத்தம் மூன்று பந்தி எழுதியிருந்தார்கள்.

முதல் பந்தி முடிவதற்குள் கனகரத்தினத்துக்குத் தலை சுற்றியது. வெறும் வயிற்றில் குளிசை போட்டால் இரவைக்கு ரத்தம் போகும், போடாவிட்டாலும் போகும். ஜும்ஆத் தொழுகைக்குக் கடை மூட அரைமணித்தியாலம்தான் இருந்தது. றிகாஸோ மீனில் நகமளவு கிள்ளி, அதையும் நீண்ட நேரம் மென்று, தட்டு குறைந்துவிடாமல் காபந்து பண்ணிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியெல்லாம் வேர்வை. குசினி வாசலில் ஸல்ஹா அகப்பையோடு நின்றாள். தன்னுடைய பொய்யை இன்னொருவன் மென்றுகொண்டிருப்பதைக் கனகரத்தினம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தட்டை இழுத்தார்.

“இது என்ட சாப்பாடு, தலைவர். எனக்கு ஒரு விரதமும் இல்லை. குடல் வருத்தம். வயித்தால போகும், ரத்தமும் போகும். ஆறு வருசம்.”

வேறு தட்டில் போட்டுத் தரட்டா என்று றிகாஸ் மெல்லக் கேட்டான். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

ஆனந்தராசா நோட்டீசை நாலாக மடித்தார். ஐந்நூறு அடித்தாகிவிட்டது என்று அவர் சொல்வார் என்று கனகரத்தினம் எதிர்பார்த்தார்.

“அப்ப எங்கட வீட்டில நீங்கள் கை நனைக்காமல் போனது?”

“உறைப்பு. உங்கட மனிசி வைக்கிற குழம்பு மணக்கேக்க எனக்கு ஆசைதான். ஏலாது.”

“அவ அப்பிடி நினைக்கேல்ல. எங்களைக் குறைஞ்ச ஆக்கள் எண்டு நினைச்சுத்தான் நீங்கள் சாப்பிடுறேல்ல எண்டு ஒவ்வொரு முறையும் அழுவா.” மேடைக் குரல் எங்கேயோ போயிருந்தது. “நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பட்டத்தைக் குடுத்தாலாவது ஒருக்கா வந்து சாப்பிடுவியள் எண்டு பாத்தன்.”

வெளியே கடல் வெயிலில் பளபளத்தது. சீனன்குடாப் பக்கமாக எண்ணெய்க் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. ஆனந்தராசா போனை எடுத்து மனைவிக்கு அடித்தார். கனகரத்தினத்தார் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார், அவருக்கு எது ஆகும் எது ஆகாது என்று நீயே கேள் என்று சொல்லிப் போனை நீட்டினார். கனகரத்தினம் இடது கையால் வாங்கினார். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் “அண்ணை” என்று சொல்லிவிட்டு நின்றது. “ஞாயிறு வாறன், தங்கச்சி,” என்றுவிட்டு, நன்றிக்கு வேறு வழி தெரியாதவராக, முதல் கவளத்தை எடுத்து வாய்க்குள் வைத்தார்.

மீனில் உப்பில்லை. அவ்வளவு நேரம் மென்ற றிகாஸ் அதைச் சொல்லவேயில்லை.