பச்சை ரிப்பன் கட்டிய குடுவை

பிள்ளைகளுக்கு ராணுவப் பயிற்சி தரும் எங்கள் ஊர் கேடட் படையில் டாம்சின் ஆஷ்பிக்கு மட்டும் வயது இடத்துக்கு இடம் மாறும். சூப்பர் மார்க்கெட்டில் அவளுக்குப் பத்தொன்பது. சீருடை போட்டுவிட்டால் குழந்தை.

பகலில் சூப்பர் மார்க்கெட்டில் நாமே காசு கட்டிக்கொள்ளும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அவள் வேலை. யாராவது மது வாங்கினால் இயந்திரம் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தும். டாம்சின் வந்து ஆளைப் பார்த்து, வளர்ந்தவர்தான் என்று ஒப்புக்கொண்டால்தான் பாட்டில் வெளியே போகும். எங்கள் படைத் தலைவர் கேப்டன் டெஸ்மண்ட் ஃபாதர்கில்கூட அவள் தலையசைப்புக்காகக் காத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மாலையில் படைக் கொட்டகைக்குள் நுழைந்தால் கதையே வேறு. இருபது வயது முடியும்வரை கேடட். கேடட் என்றால் எத்தனை வயதானாலும் படை நிகழ்ச்சியில் ஒரு சொட்டு மது கூடாது. ஓட்டுப் போடலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், நிஜ ராணுவத்தில் சேர்ந்து செத்தும் போகலாம். போர்ட் ஒயினை மட்டும் நாக்கில் வைக்கக் கூடாது.

விதியை நான் குறை சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அது இருக்கத்தான் வேண்டும். அந்த விதியைப் பக்தியோடு வாசித்துவிட்டு, அதே வாயால் மதுவின் மணத்தைச் சிலாகிக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அங்கே சார்ஜென்ட். பிழைப்புக்குப் பேருந்து ஓட்டுகிறேன். விடியற்காலையில் வண்டி எடுக்க வேண்டியவர் குடிக்க மாட்டார் என்று, எல்லா விருந்திலும் 'நிதானமாக இருக்க வேண்டிய பெரியவர்' பதவியை என் தலையில் கட்டிவிடுவார்கள்.

அந்த நவம்பரில் நடந்த ஆண்டு விருந்து டாம்சினுக்கு முக்கியமானது. மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதியாக இருப்பவரோடு ஓராண்டு முழுக்க எல்லா விழாவுக்கும் போகும் கேடட்டாக அவள் பெயர் போயிருந்தது. ஏழு வருடம் மழையில் அணிவகுத்து நடந்ததற்கு அவள் கேட்ட ஒரே கூலி அதுதான். கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வுபெற்ற கர்னல் ப்ராட்வுட். அவர்தான் அன்றைய சிறப்பு விருந்தினர். பெரியவர்கள் விருந்துதான்; கேடட்களில் டாம்சினுக்கு மட்டும் அழைப்பு.

எங்கள் விருந்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கடைசியில் எல்லோரும் எழுந்து மன்னருக்காகக் கோப்பையை உயர்த்திக் குடிக்க வேண்டும். தண்ணீரால் வாழ்த்தக் கூடாது. என்றைக்கோ கடல் தாண்டி ஓடிப்போன வேறொரு ராஜாவைச் சிலர் கடலுக்கு அடையாளமாகத் தண்ணீர்க் கோப்பையை வைத்துக் கள்ளத்தனமாக வாழ்த்தினார்களாம். அந்தச் சந்தேகம் முந்நூறு வருடமாகத் தீரவில்லை. அதனால் பெரியவர்களுக்குப் போர்ட் ஒயின், கேடட்டுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் பிளாக்கரண்ட் ஜூஸ். கேடட் கலந்துகொள்ளும் விருந்து என்பதால் வேறு மது கிடையாது.

கேப்டன் யாரையும் நம்பாதவர். தானே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குடுவையில் போர்ட்டையும் இன்னொன்றில் ஜூஸையும் ஊற்றினார். அடையாளத்துக்கு ஜூஸ் குடுவையின் கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டினார். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் மனிதர் புலி.

மேசை அலங்காரம் பெற்றோர் சங்கத்து ஆக்லி அம்மாவின் பொறுப்பு. கர்னலின் பழைய படைப்பிரிவுக்குப் பச்சைதான் நிறம். அதனால் அவர் இடத்தில் பச்சைத் துணி, பச்சை மெழுகுவர்த்தி, பச்சைப் பெயரட்டை. சமையலறையில் பச்சை ரிப்பனோடு ஒரு குடுவையைப் பார்த்தால் அந்த அம்மாள் என்ன நினைப்பார்? மரியாதையாகக் கொண்டுபோய்க் கர்னலுக்கு முன்னால் வைத்தார். அத்தனை பச்சைக்கு நடுவில், தான் கட்டிய ரிப்பனே கேப்டன் கண்ணில் படவில்லை. ரிப்பன் இல்லாத மொட்டைக் குடுவை, மேசையின் கடைசியில் இருந்த டாம்சினுக்கும் எனக்கும் வந்தது.

ஊற்றும்போதே மது வாசனை என் மூக்கில் ஏறியது. டாம்சின் என்னைப் பார்த்தாள். அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மன்னர் பெயர் சொன்ன பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. குடித்தால் விதி போச்சு, குடிக்காவிட்டால் மன்னர் போச்சு. அவள் கோப்பையை உதட்டில் ஒற்றிவிட்டுக் கீழே வைத்தாள். நானும் அப்படியே செய்தேன்.

மேசையின் அந்தப் பக்கம் கர்னல் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். பழைய ஓக் பீப்பாய், வெயிலில் காய்ந்த மலைச்சரிவு, நல்ல வருடத்து அறுவடை என்று அடுக்கினார். கேப்டன், தாம் தேடிப் பிடித்து வாங்கியது என்றார். குடுவை மூன்று சுற்றுப் போனது. மூன்றாவது சுற்றில் கேப்டனுக்கு நாக்குக் குழறியது. பாட்டுப் பாடினார். என் தோளைக் கட்டிக்கொண்டு, தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று அழுதார். இந்த நிலையில் ஓட்டக் கூடாது என்று காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்ஸியில் போனார். நல்ல பொறுப்புள்ள மனிதர், என்ன இருந்தாலும்.

அடுத்த வாரம் ஆக்லி அம்மாள் அந்த மொட்டைக் குடுவையைக் கொண்டுவந்து, கேடட் பக்கம் மிச்சமானது, வீணாக்க மனமில்லை என்று கேப்டனிடம் கொடுத்தார். கேப்டன் மோந்தார். ஒரு வாய் குடித்தார். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு வாய் குடித்தார். பிறகு டாம்சின் மேல் குற்றச்சாட்டு எழுதினார்: கேடட் திருட்டுத்தனமாகப் போர்ட் ஒயின் எடுத்துக் குடித்தார். அவள் வளர்ந்தவள் என்பதால் கடும் நடவடிக்கை. குழந்தை என்பதால் அம்மாவுக்குக் கடிதம்.

விசாரணைக்குக் கர்னல் வந்தார். மேசையில் தேநீரும் பிஸ்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது படை வழக்கம்; தொப்பியில்லாமல் டாம்சின் விறைப்பாக நின்றாள். கர்னலுக்கு முன்னால் அவளுடைய நியமனத் தாள் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

என்னைக் கேட்டார்கள். எங்கள் குடுவையில் இருந்தது போர்ட்தான், இருவருமே குடிக்கவில்லை என்றேன். கேப்டன் சிரித்தார். கர்னல் நல்ல மனதோடு, வெளியிலிருந்து யாராவது வேறு பாட்டில் கொண்டுவந்திருக்கலாமே என்று ஒரு வழி காட்டினார். கேப்டன் அந்த வழியில் போயிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"வாய்ப்பே இல்ல சார். அது என்னோட போர்ட். என் நாக்குக்குத் தெரியாதா? மொத்தக் கட்டடத்துலயும் இருந்தது ஒரே பாட்டில். நானே திறந்து நானே ஊத்தினேன். சரியா ஒரு குடுவைதான் நிறைஞ்சுது."

டாம்சின் பேச அனுமதி கேட்டாள்.

"ஒரே குடுவைதான் போர்ட்டுன்னு கேப்டனே சொல்றார். அது என் பக்கம் இருந்துச்சுன்னும் அவரே சொல்றார். அப்போ உங்க குடுவையில என்ன சார் இருந்துச்சு?"

கேப்டனின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. கர்னலின் கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல மேலேறி நெற்றியைத் தொட்டது. ஓக் பீப்பாயும் மலைச்சரிவும் அவர் மனதில் வந்துபோயிருக்க வேண்டும். ஆனாலும் பழைய ராணுவக்காரர், சும்மா விடுவாரா?

"நீ குடிக்கலன்னா மன்னரை வாழ்த்தலன்னு அர்த்தம். அதுவும் தப்புதானேம்மா?"

"எழுந்து நின்னேன் சார், மனசார வாழ்த்தினேன். விதி வேண்டாம்னு சொன்னதைக் குடிக்கல. அன்னிக்கு அந்த மேசையில நீங்களும்தான் ஒரு சொட்டு மது தொடல. கேப்டனும் தொடல. டாக்ஸியிலதான் போனார், பாவம்."

கர்னல் கேப்டனை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டார். குற்றச்சாட்டுத் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நான் குடிச்சது போர்ட். இந்தப் பொண்ணு குடிச்சது ஜூஸ். எல்லாருக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கணும்."

வெளியே வந்ததும் வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினேன். டாம்சின் கொதித்துப்போயிருந்தாள். "நான் உண்மை சொன்னதுக்கு இது கிடைக்கல சார்ஜென்ட். அவங்க வெக்கத்துக்குக் கிடைச்சுது," என்றாள். எனக்கும் கசந்தது. ஆனாலும் வாங்கிக்கொள், ஏழு வருட மழைக்கு அது உன்னுடையதுதான் என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் ஒரே கூட்டம். எனக்கு முன்னால் கேப்டன் ஃபாதர்கில், கையில் ஒரு போர்ட் பாட்டில். இயந்திரம் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது. டாம்சின் வந்தாள். நரைத்த மீசை, வழுக்கைத் தலை, மூக்கின் மேல் கண்ணாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிக்கணும் சார்," என்றாள் அவள், மிக மரியாதையாக. "வளர்ந்தவர்தான்னு காட்ட ஏதாவது வச்சிருக்கீங்களா?"

கேப்டன் பணப்பையைத் திறந்து தேட ஆரம்பித்தார்.