கையெடு, ராஜவேலு

கோதண்டபாணி மேஸ்திரியைக் குழப்புவது லேசான காரியம் இல்லை. ஆம்பூரில் அப்துல் சமத் சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் அவர் முப்பது வருஷ ஆள். ஈரத் தோலின் மேல் கட்டை விரலை ஒரு இழுப்பு இழுத்தாரானால், மாட்டை உண்ணி கடித்ததா, கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டதா, உப்பு பத்தவில்லையா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் அறுபத்தேழாம் வருஷம் தை பிறந்ததிலிருந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் மண்டையைச் சொறிந்துகொண்டு திரிந்தார். ராஜவேலு என்கிறவன் அப்படி என்னதான் வேலை செய்கிறான்?

ராஜவேலு வெட்டிப் பயல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்ட குடும்பம். பையன் தறியை விட்டுவிட்டு மெட்ராஸுக்கு ஓடினான். அங்கே நாலு பேர் சேர்ந்து 'ஸ்டேஷன் மாஸ்டர்ஸ்' என்று ஒரு கோஷ்டி வைத்திருந்தார்கள். தலைமுடியைக் காது வரைக்கும் விட்டுக்கொண்டு, மின்சாரக் கிதாரை மாட்டிக்கொண்டு ஆடிப் பாடுகிற கோஷ்டி. அதில் ராஜவேலு பேஸ் கிதார். பாட்டு கட்டுவதும் அவனே. பெரிய ஓட்டல்களில் அவர்கள் வாசித்தால் உட்கார இடம் கிடைக்காதாம். இங்கிலீஷ் பேப்பரில் அவன் படமே வந்திருந்தது. இவனை மிஞ்ச மெட்ராஸில் ஆள் கிடையாது என்று அதன் கீழே போட்டிருந்ததை மேஸ்திரியின் மகள் கமலவேணிதான் படித்துச் சொன்னாள். படிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் நடுங்கியதை மேஸ்திரி கவனிக்காமல் இல்லை.

ஏனென்றால் அவனுடைய அம்மா கண்ணம்மாள் தட்டோடு வந்து பெண் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒரே ஜனம்தான், கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பம்தான். கமலவேணிக்கு இருபத்துமூன்று வயது, பள்ளிக்கூடத்து டீச்சர். ஒன்பது வயதில் அம்மாவைப் பறிகொடுத்ததிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவளால்தான். அவளுக்கு ராஜவேலுவைப் பிடித்திருந்தது. அவனுடைய தங்கையோடு டீச்சர் டிரெய்னிங் படித்தவள், அவனை நாலைந்து முறை பார்த்துப் பேசியவள். அதையெல்லாம் அவள் மறைக்கவும் இல்லை.

"கிதாரு வாசிக்கிறான், சரி. அந்தக் கோஷ்டியில கிதாருக்கு இன்னொருத்தன் இருக்கறானாமே. அப்ப இவன் இன்னாத்துக்கு?" என்று மகளைக் கேட்டார் மேஸ்திரி.

"அது வேற நைனா. இது தடிக் கம்பி. நாலே கம்பி."

"ஆறு கம்பிக்காரன் இருக்கறப்ப நாலு கம்பிக்காரன் எதுக்கும்மா? ரெண்டு கம்மியா வாசிக்கறதுக்கு ஒரு ஆளா?"

கமலவேணி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ போய் உன் காதால கேளு நைனா. கேட்டுட்டு வேணாம்னு சொன்னியானா நான் மறுபேச்சு பேச மாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னபடி நிற்கிற பெண். அதுதான் மேஸ்திரிக்குக் கவலை. இவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் அவள் ஆயுசு நிற்கிறது, இவருக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதலாளியின் மகன் குர்ஷித்துக்கு இந்த மாதிரிப் பாட்டென்றால் உயிர். அவனிடம் ஸ்டேஷன் மாஸ்டர்ஸ் போட்ட இசைத்தட்டு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி கூச்சத்தை விட்டு அவன் வீட்டுக்கே போய்விட்டார். பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற சின்ன கிராமபோனில் குர்ஷித் தட்டைச் சுற்ற விட்டான். ராஜவேலு கட்டிய தமிழ்ப் பாட்டு அது.

*போன பஸ்ஸு போய்டுச்சு,*
*நின்ன நானு நின்னுட்டேன்.*

பஸ்ஸை விட்டதற்கெல்லாம் ஒரு பாட்டா என்று மேஸ்திரிக்கு ஆச்சரியம். இருந்தாலும் வாயில் ஒட்டிக்கொள்கிற பாட்டுதான், பொய் சொல்லக் கூடாது. பாடுகிறவன் குரல் கேட்டது. ஆறு கம்பி கேட்டது. கொட்டும் கேட்டது.

"இதுல நம்மாளு எங்க, சின்ன சாயபு?"

"அதோ, அடியில மேஸ்திரி. அடியில கேளுங்க."

மேஸ்திரி பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். ஏழு தடவை போட்டுக் கேட்டார். அடியில் ஒன்றும் இல்லை. அந்தச் சின்னப் பெட்டிக்கு அடிச் சத்தத்தை எடுத்துக் கொடுக்க வக்கில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? குர்ஷித்துக்குப் பழக்கத்தில் கேட்டது, இவருக்குக் கேட்கவில்லை. இந்தப் பயல் மற்ற மூன்று பேர் உழைப்பில் சும்மா நின்று பேர் வாங்குகிறான் என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் மேஸ்திரிக்கு வந்தது. சும்மா நிற்கிறவனை அவர் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஷாப்பில் ஈரத் தோலை அடுக்கிய பலகையை ஆறு பேராகத் தூக்குவார்கள். எருமைத் தோல் தண்ணீர் குடித்தால் அப்படிக் கனக்கும். ஆறு பேரில் ஒருத்தன் கையைச் சும்மா வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் சுளித்துக்கொண்டு வருவான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பேராகச் சொல்லி, "மூர்த்தி, கையெடு. பூங்காவனம், கையெடு" என்பார். பேர் சொன்னவன் உடனே கையை எடுக்க வேண்டும். பலகை அந்தப் பக்கம் சாய்ந்தால் அவன் உழைப்பாளி. சாயவில்லை என்றால் அவன் கதை முடிந்தது. மூர்த்தி கையெடுத்தபோது பலகை ஒரு விரற்கடைகூட இறங்காமல் போனதையும், அவன் முகம் செத்துப்போனதையும் ஷாப்பில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சித்திரையில் ஷாப்புக்கு நாற்பதாவது வருஷ விழா வந்தது. குர்ஷித் அப்பாவிடம் மல்லுக்கட்டி ஸ்டேஷன் மாஸ்டர்ஸை வரவழைத்துவிட்டான். தோல் காயப் போடுகிற மைதானத்தில் மேடை. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஆம்பூரே வந்து உட்கார்ந்துவிட்டது. கமலவேணி மட்டும் வரவில்லை. "நான் பக்கத்துல உக்காந்தா நீ என் மூஞ்சப் பாத்துத்தான் முடிவு பண்ணுவ" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மேஸ்திரி மேடைக்குப் பின்னால், மேடையோடு சேர்த்துப் போட்ட பலகையில் நின்றார். அங்கேதான் கரண்ட் வேலை பார்க்கிற வயர்மேன் வாஹித் பாஷா இருந்தான், அவருக்கு இருபது வருஷத் தோஸ்த். இரண்டு இங்கிலீஷ் பாட்டு முடிந்தது. ஜனம் தாளம் போட்டது. ராஜவேலு ஒரு ஓரத்தில் கண்ணை மூடி நின்றுகொண்டு விரலை ஆட்டிக்கொண்டிருந்தான். மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பாட்டு கேட்டது, கிதார் கேட்டது, கொட்டு கேட்டது. காலடியில் பலகை தும் தும்மென்று அதிர்ந்தது. அது ஷாப்பில் தோலைப் போட்டு உருட்டும் பெரிய மரப் பீப்பாய்களின் சத்தம், ராப்பகலாக ஓடுவது, முப்பது வருஷமாக அவர் காலடியில் இருப்பது. அதை யார் கணக்கில் எடுப்பார்கள்?

மூன்றாவதாக பஸ் பாட்டு ஆரம்பித்தது. ஜனம் எழுந்து நின்று ஆடியது. மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை.

"பாஷா, அந்த ஓரத்துல நிக்கிற பையன் கிதாரு சத்தம் வர்ற பெட்டிக்கு எந்த பிளக்குப்பா?"

பாஷா காட்டினான். காட்டிய பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. "எதுக்குக் கேக்கறீங்க? வேணாம் மேஸ்திரி, பேஜாராய்டும்."

"ஒரு நிமிசம்தாம்பா. சாயுதா இல்லியான்னு பாத்துட்டு சொருகிடறேன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். "கையெடு, ராஜவேலு" என்று வாய்க்குள் சொன்னார். பிடுங்கினார்.

முதலில் அவர் செய்தது என்ன தெரியுமா? சட்டென்று திரும்பி ஷாப்புப் பக்கம் பார்த்தார். "யார்ரா பீப்பாய நிறுத்தனது?" என்றார். காலடியில் அதிர்வு நின்றுபோயிருந்தது.

"பீப்பாயா? இன்னிக்கு ஷாப்பு லீவு மேஸ்திரி. காலைல நானே மோட்டார ஆஃப் பண்ணிட்டேன்" என்றான் பாஷா.

மேஸ்திரிக்கு ஒரு கணம் எதுவுமே விளங்கவில்லை. அப்புறம் மேடையைப் பார்த்தார். பாட்டு நடந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது பாட்டாக இல்லை. ஆறு கம்பிக்காரன் கீச்சென்று தனியாகக் கத்திக்கொண்டிருந்தான். கொட்டு அடிக்கிறவன் ஓடினான், பாடுகிறவன் பின்தங்கினான். ஆடிக்கொண்டிருந்த ஜனம் கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. ஒரு ஆள் கையெடுத்ததற்குப் பலகை மொத்தமாகக் கவிழ்ந்து மேஸ்திரி பார்த்ததே இல்லை.

பிளக்கைச் சொருகினார். சத்தம் வரவில்லை.

"பெட்டிக்குள்ள வால்வு சூடேறணும் மேஸ்திரி. அரை நிமிசம் ஆவும்" என்று பாஷா தலையில் கை வைத்தான்.

அந்த அரை நிமிஷத்துக்குள் பாட்டு செத்துவிட்டது. விசில் பறந்தது. எங்கிருந்தோ ஒரு செருப்பும் வந்தது. பாடுகிற பையன் மைக்கிலேயே, "பிளக்கைக்கூட ஒழுங்கா சொருகத் தெரியாதா உனக்கு?" என்று ராஜவேலுவைப் பார்த்து எரிந்து விழுந்தான். ராஜவேலு மைக்குக்கு வந்து கும்பிட்டான். "என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க. மறுபடி மொதல்லருந்து வாசிக்கறோம்" என்றான். யார் செய்த தப்புக்கு யார் கும்பிடுவது! மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது. ஓடிப்போய் மேடையில் ஏறிச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார், ஆனால் போகவில்லை. ஷாப்பே மூர்த்தியின் முகத்தைப் பார்த்துச் சிரித்ததே, அந்த முகம் இன்றைக்கு அவருடையதாக இருந்தது.

பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. காலடியில் தும் தும்மென்று வந்தது. இப்போது அவருக்கு வேறெதுவுமே கேட்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நின்றார். ராஜவேலு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பிளக்கப் புடுங்கனது நான்தான் தம்பி. நீ வாசிக்கறது எனக்குக் கேக்கல. எங்க ஷாப்புல கையெடுன்னு ஒண்ணு உண்டு..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

ராஜவேலுவின் முகம் இறுகியது. வயரைக் கீழே வைத்தான். "அது தோல் இல்ல மாமா. தோல் கீழ விழுந்தா தூக்கிக்கலாம். அத்தினி பேரு ஆடிக்கினு இருந்தாங்க."

"தப்புதான்."

"ரொம்பத் தப்பு."

ராஜவேலு கிதாரை எடுத்து உறைக்குள் போட்டான். அப்புறம் ராஜவேலு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவன் மாதிரித் தயங்கிக்கொண்டு, "எந்த வரியில புடுங்கனீங்க?" என்றான்.

"'நின்ன நானு' கிட்ட."

"புடுங்கனதும் இன்னா தோணுச்சி? நெஜமா சொல்லுங்க."

"பீப்பாய் நின்னுபோச்சோன்னு தோணுச்சி. எங்க காலடியில ராப்பகலா ஓடும்."

ராஜவேலு அவரையே பார்த்தான். கோபம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது. "ஏழு வருசமா வாசிக்கறேன் மாமா. கேட்டுச்சின்னு இதுவரைக்கும் எங்கம்மாகூட சொன்னதில்ல" என்றான். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்து மறுபடி வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

மேஸ்திரி வீட்டுக்கு வந்தபோது கமலவேணி வாசற்படியில் நின்றிருந்தாள். கேட்காமல் பார்த்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கையெடு என்ற இடம் வந்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மேடையிலயா? அத்தினி பேரு முன்னாலயா? நீயெல்லாம் ஒரு பெரிய மனுசனா நைனா?"

"திட்டு. நல்லா திட்டு."

"சாஞ்சிச்சா இல்லியா, அத சொல்லு."

"சாஞ்சிச்சி. மொத்தமா சாஞ்சிச்சி. கண்ணம்மாளுக்கு நாளைக்கே சொல்லி அனுப்பறேன்."

கமலவேணி உள்ளே போனாள். சந்தோஷமா, கோபமா என்று முதுகைப் பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்குச் சோறு போட்டாள், தானும் சாப்பிட்டாள், பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள்.

மேஸ்திரி கூடத்தில் பாயை விரித்துச் சாய்ந்தார். நல்ல காரியம் முடிந்திருக்கிறது, நெஞ்சு ஏன் கனக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. பின்கட்டில் சொம்பு தவலையில் இடித்தது. சாம்பலும் தேங்காய் நாரும் அலுமினியத்தில் உரசின. தண்ணீர் ஊற்றினாள், கவிழ்த்தாள், அடுத்ததை எடுத்தாள். பதினாலு வருஷமாக இந்தச் சத்தம் இந்த வீட்டில் இருந்திருக்கிறது. அவர் இன்றைக்குத்தான் கேட்கிறார்.

எழுந்து போய்ப் பின்கட்டு வாசலில் நின்றார். நாளைக்குச் சொல்லி அனுப்பப்போவது என்ன என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. கொடுத்த வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை அவர். ஆனால் வாசற்காலைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியவில்லை.

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது. "இன்னா நைனா, அப்பிடி முழிக்கிற? தண்ணி வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்மா. நீ துலக்கு" என்றார் மேஸ்திரி. "நிறுத்தாத, துலக்கு."